சிப்பிக்கு யார் ஒயின்?

காஸ்த்ரெலோ,
18 ஏப்ரல் 1994

அன்புத் தங்கை சபேலாவுக்கு,

நீயும் மாப்பிள்ளை அமான்சியோவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவர் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கு இடுப்பைத் தவிர எல்லாம் நன்றாக இருக்கிறது. பந்தலில் திராட்சைத் துளிர் விரல் நீளம் வந்துவிட்டது. இன்னும் ஒரு பனி விழாமல் இருந்தால் பிழைத்தோம்.

எதிர்வீட்டு ஷெனாரோ நேற்று வந்தான். வழக்கம்போல மீன் லாரியில் என் ஒயின் பெட்டிகளையும் ஏற்றிப்போய் மாட்ரிட்டில் உன் கடையில் இறக்கிவிட்டு, ஈஸ்டர் விருந்தும் உன் கடையிலேயே சாப்பிட்டானாம். நன்றாகக் கவனித்தாய் என்று புகழ்ந்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அத்தை, அங்க உங்க ஒயின் பீங்கான் கிண்ணத்துல வருது. ரொசால் ஒயின் கால் வச்ச கண்ணாடி கிளாஸ்ல வருது. உங்களுது நின்னுக்கிட்டு குடிக்கிறவங்களுக்கு, அவங்களுது உக்காந்து குடிக்கிறவங்களுக்கு" என்றான்.

ரொசால் ஒயின் என்றால் உன் நாத்தனார் எர்மித்தாஸ் செய்கிற ஒயின்தானே? கடைக்கு வெளியே பலகையில் 'சல்னேஸ்' என்று நம் பள்ளத்தாக்கின் பெயரை எழுதி வைத்திருக்கிறாய். உள்ளே மேசைக்கு வருவது புருஷன் வீட்டு ஒயின். பெயருக்குப் பிறந்த வீடு, பெருமைக்குப் புகுந்த வீடா?

அவள் அல்பாரிஞோ திராட்சையோடு லொரெய்ரோ என்ற வேறு திராட்சையைக் கலக்கிறாள். அது ஊருக்கே தெரியும். நான் அல்பாரிஞோவைத் தவிர வேறொன்றைத் தொட்டியில் போட்டதில்லை. கலப்பில்லாததற்குக் கிண்ணம், கலந்ததற்குக் கண்ணாடி. நல்ல நியாயம்.

எனக்கு வயிறு எரிகிறது, அதை மறைத்து எழுதத் தெரியவில்லை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா
தொசிந்தா

*

மாட்ரிட்,
2 மே 1994

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். அவர் முழங்காலுக்கு ஒரு எண்ணெய் கிடைத்திருக்கிறது, கடை முழுக்க அந்த வாசனைதான். உன் இடுப்புக்கும் ஒரு சீசா ஷெனாரோவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் நாக்குக்கு ஏதாவது எண்ணெய் இருந்தால் நீ வாங்கிக் கொடு.

அக்கா, இதில் உயர்வு தாழ்வு ஒன்றும் இல்லை. உன் ஒயினில் புளிப்பும் கடல் உப்பும் இருக்கிறது. பச்சைச் சிப்பியை ஓட்டிலிருந்து உறிஞ்சிவிட்டு அதை ஒரு மடக்கு குடித்தால் வாய் கழுவிவிட்டதுபோல ஆகிறது, உடனே அடுத்த சிப்பி கேட்கிறது. ஆவியில் வெந்த கறுப்பு மட்டிக்கும் நண்டுக்கும் அதைவிட்டால் வேறு இல்லை. ஆனால் வெங்காயமும் ரொட்டித்தூளும் போட்டுச் சுட்ட விசிறிச் சிப்பி இருக்கிறதே, குங்குமப்பூக் குழம்பில் போட்ட தட்டை மீன் இருக்கிறதே, அவற்றோடு உன்னுடையது சண்டை போடுகிறது. எர்மித்தாஸின் ஒயின் மெத்தென்று உட்கார்ந்துகொள்கிறது. அவர்கூடச் சொல்வார், "உங்க அக்கா ஒயினுக்குப் பல்லு இருக்கு, என் தங்கச்சி ஒயினுக்குக் கன்னம் இருக்கு" என்று.

கிண்ணம் நம் ஊர்க்காரர்கள் கேட்டு வாங்குவது. கண்ணாடியில் கொடுத்தால் அவர்களுக்குக் கோபம் வருகிறது.

ஒரு நல்ல செய்தி. பக்கத்துச் செருப்புக் கடையை எடுத்துக்கொண்டோம். சுவரை இடித்து, அடுத்த வசந்தத்தில் பெரிய சாப்பாட்டு மண்டபமாகத் திறக்கிறோம். அங்கே எந்த மேசையில் உட்கார்ந்தாலும் கேட்காமலே ஒரு ஒயின் வந்துவிடும், வீட்டு ஒயின் என்று ஒன்றே ஒன்று. அது யாருடையது என்று இன்னும் நாங்கள் முடிவு செய்யவில்லை.

எர்மித்தாஸ் போன வாரம் வந்து ஒரு வாரம் இருந்தாள். எங்கள் சமையற்காரிக்கு அவள் கைப்பக்குவத்தில் மீன் பொதிந்த எம்பனாடா சொல்லிக் கொடுத்தாள். மாவு கை படாமலே மெல்லிசாக வருகிறது, ஆச்சரியம்.

உன் ஞாபகமாகவே இருக்கும்,
சபேலா

*

காஸ்த்ரெலோ,
20 மே 1994

சபேலாவுக்கு,

எண்ணெய் வந்தது. தடவினேன், இடுப்பு கேட்கிறது, மனசு கேட்கவில்லை.

ஒரு வாரமா? நான் அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. பந்தலுக்கு மருந்து அடிக்க வேண்டும், மாட்டை யார் பார்ப்பது என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம். மாவு மெல்லிசாக வருகிறதாம். அம்மா செய்த எம்பனாடாவைத் தின்றுதான் நீ வளர்ந்தாய், அது தடிப்பாகத்தான் இருக்கும்.

வீட்டு ஒயின் ஒன்றே ஒன்று என்று எழுதியிருக்கிறாய். மண்டபத்தில் சுடுவதும் குழம்பு வைப்பதும்தான் அதிகம் இருக்கும், சிப்பி உறிஞ்சுகிறவர்கள் நின்றுகொண்டே தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். அப்படியென்றால் மெத்தென்று இருப்பதுதான் வரும். நீ எழுதாவிட்டாலும் எனக்கு விளங்காமல் இல்லை.

சபேலா, என் ஒயினுக்கும் கன்னம் வரும். இந்த வருடம் பார். எப்படி என்று இப்போது சொல்லமாட்டேன். திராட்சையை எல்லோரும் பறிக்கும்போது நான் பறிக்கப்போவதில்லை என்று மட்டும் தெரிந்துகொள். ரொசால்காரி காதுக்கு இது போகக் கூடாது. போனால் நான் உன் அக்கா இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தொசிந்தா

*

மாட்ரிட்,
30 ஜூலை 1994

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஊரே காலி. சந்த் யாகோ திருநாளன்று மட்டும் நம்மவர்கள் வந்தார்கள், பச்சை மிளகாய் வறுவல் தட்டு தட்டாகப் போனது. அதற்கு உன் ஒயின்தான் ஊற்றினேன். காரம் பட்டவர்கள் கும்பிட்டார்கள்.

நீ சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். எனக்காக நீ இவ்வளவு மெனக்கெடுவதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. கடை மூடியபின் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை எடுத்துப் படித்தேன்.

எர்மித்தாஸ் பேச்சுவாக்கில் உன்னைப் பற்றிக் கேட்டாள். சிப்பிக்கு எல்லோரும் உன்னுடையதையே கேட்கிறார்களாமே, நீ எந்தத் தேதியில் பறிப்பாய், எத்தனை நாள் தொட்டியில் வைப்பாய் என்று. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

மண்டபத்துச் சுவரை இடித்தாயிற்று. தூசிதான்.

உன் அன்புத் தங்கை
சபேலா

*

காஸ்த்ரெலோ,
9 அக்டோபர் 1994

சபேலாவுக்கு,

அறுவடை முடிந்தது. கையெல்லாம் பிசுபிசுப்பு, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

செப்டம்பர் நடுவில் ஊரே பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்கடியில் நுழைந்தது. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஷெனாரோவின் அம்மா எல்விரா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "தொசிந்தா, உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? இல்ல புத்தி சரியில்லையா?" என்று கேட்டாள். நாற்காலியை நிழலுக்கு இழுத்துப்போட்டுக்கொண்டேன். பழம் பொன்னிறமாகி, தோல் தளர்ந்து, வாயில் போட்டால் பல்லுக்கு வேலையே இல்லாத அளவுக்கு விட்டேன். பிறகு தெற்கத்திக் காற்று மழையோடு வந்தது. கருங்கல் தூண் ஓரமாக இருந்த வரிசை முழுவதும் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. அழுதேன். மிச்சத்தைப் பறித்தோம். சாறு தேன்மாதிரி இறங்குகிறது.

இப்போது எனக்கு ஒரு சந்தேகத்தைத் தீர்த்து வை. செப்டம்பர் முதல் வாரம் நீங்கள் இருவரும் ரொசாலில் இருந்தீர்களாமே. அவள் பந்தலில் நீ கத்தரிக்கோலோடு நின்றதை ஷெனாரோவின் கூட்டாளி பார்த்திருக்கிறான். எனக்குப் பழம் பறிக்க வா என்று எத்தனை வருடமாகக் கூப்பிடுகிறேன்? கடையை யார் பார்ப்பது என்பாய். அவள் பறிக்கும்போது கடை தானாகவே நடந்ததா? அங்கிருந்து நம் வீடு எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியாதா?

அவள் அவ்வளவு சீக்கிரம் பறித்தது எனக்கு விளங்கவில்லை. மழைக்குப் பயந்திருப்பாள்.

நீ நன்றாக இருக்க வேண்டும், அது வேறு விஷயம்.
தொசிந்தா

*

மாட்ரிட்,
28 நவம்பர் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறோம். ஊரில் பன்றி அறுக்கும் நாள் நல்லபடி முடிந்ததா? எல்விரா வீட்டில் இருந்து உனக்குப் பங்கு வந்திருக்கும்.

ரொசாலுக்குப் போனது மாமனாரின் நினைவுப் பூசைக்காக. பூசை முடிந்து சும்மா நிற்க முடியாமல் கொஞ்சம் கை கொடுத்தேன், அவ்வளவுதான். உன்னிடம் வராதது தப்புதான். மறுநாள் மண்டபத்துக்குத் தச்சர் வருவதாக இருந்தது.

மேசைகள் வந்துவிட்டன. குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை திறப்பு. அன்றைக்கு உன் ஒயினையும் எர்மித்தாஸின் ஒயினையும் எல்லா மேசைக்கும் ஊற்றப்போகிறோம். யாருடையதை மறுபடி மறுபடி கேட்கிறார்களோ அதுதான் வீட்டு ஒயின். அவரும் நானும் ஒருபக்கமும் பேசப்போவதில்லை. இதைவிட நியாயம் எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் வழக்கம்போலவே இருக்கும், கவலைப்படாதே. கொஞ்சம் குங்குமப்பூ வைத்திருக்கிறேன், கிறிஸ்துமஸுக்கு உப்பு மீனில் போடு.

சபேலா

*

காஸ்த்ரெலோ,
22 ஜனவரி 1995

சபேலாவுக்கு,

புது வருட வாழ்த்து. குங்குமப்பூவை உப்பு மீனில் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. தனியாகத் தின்றேன்.

இங்கே எல்லோரும் ஜனவரிக் குளிர் உள்ளே வரட்டும் என்று ஒயின் அறைக் கதவைத் திறந்துவைப்பார்கள், உனக்குத் தெரியும். சூடு பட்டால் ஒயின் மறுபடி லேசாகப் பொங்கும், அதில் புளிப்பெல்லாம் மடங்கிவிடும். அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் இந்தப் பள்ளத்தாக்கே பயப்படுகிறது. நான் கதவைச் சாத்தி, சாக்கு அடைத்து, நடுவில் அடுப்பை மூட்டினேன். எவர்சில்வர் தொட்டியில் காதை வைத்தால் உள்ளே முணுமுணுவென்று கேட்டது. எல்விரா வந்து பார்த்தாள். "ஒயினுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு போனாள்.

நேற்று தேய்பிறையில் கசடை விட்டு வேறு தொட்டிக்கு மாற்றினேன், ருசி பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இருக்கிறது. பல் கூசவே இல்லை. ஒரு நிமிடம், இதைச் செய்தது யார் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்கே பிடித்ததா என்று கேட்காதே. நீ கேட்ட கன்னம் வந்துவிட்டது.

மார்ச் கடைசியில் ஷெனாரோ கொண்டுவருவான். கண்ணாடியில் ஊற்று.

தொசிந்தா

*

மாட்ரிட்,
10 ஏப்ரல் 1995

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. சனிக்கிழமை நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மண்டபம் நிரம்பிவிட்டது. பழைய கோர்ட்டு குமாஸ்தா தோன் லியோன்சியோ, பொந்தேவெத்ராக்காரர், உன் ஒயினோடு சிப்பி தின்பதற்கென்றே இத்தனை வருடமாக வருகிறவர், முதல் மேசையில் உட்கார்ந்தார். ஒரு டஜன் பச்சைச் சிப்பி வைத்தேன். கண்ணாடியில் உன்னுடையதை ஊற்றினேன். ஒரு சிப்பி உறிஞ்சினார், ஒரு மடக்கு குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"சபேலா, உங்க அக்கா உயிரோட இருக்காங்களா?"

"இருக்காங்களே, ஏன் கேக்கிறீங்க?"

"அப்ப இதை அவங்க செய்யல. சிப்பி தொண்டையில நிக்குதும்மா, கொழகொழன்னு. இத யாரு செஞ்சாங்களோ அவங்ககிட்டயே குடுத்துடு."

சரி, விசிறிச் சிப்பியோடாவது உன்னுடையது சேரும் என்று பார்த்தால், சிப்பியில் ஊற்றிச் சுட்ட வெண்ணெய்க்கு மேல் உன் ஒயினின் வெண்ணெய், இரண்டாவது வாய்க்கே எல்லோருக்கும் திகட்டிவிட்டது. அதற்குள் இவர் தன் தங்கை அனுப்பிய பாட்டிலைத் திறந்து விசிறிச் சிப்பிக்கு ஊற்றிவிட்டார். முதலில் தான் ஒரு வாய் குடித்தார். ஒரு கண் மூடிக்கொண்டது.

"இது எர்மித்தாஸ் பண்ணதா? அப்ப தட்டுல எலுமிச்சம்பழம் எதுக்கு?"

அவள் லொரெய்ரோவைச் சேர்க்கவே இல்லை. பழுக்கும் முன்னாலேயே பறித்துவிட்டாள். உன் ஒயின் மாதிரி கடிக்க வேண்டும் என்று செய்திருக்கிறாள். கடிக்கிறது, ஆனால் உன்னுடையதில் இருக்கும் கடல் அதில் இல்லை, வெறும் காய்தான் இருக்கிறது. நீ அவளுடையதைச் செய்திருக்கிறாய். அவள் உன்னுடையதைச் செய்திருக்கிறாள். இரண்டும் இரண்டுக்கும் ஆகவில்லை.

கடைசியில் தெருமுனைக் கடைக்கு ஆள் அனுப்பி, காஸ்தியா சமவெளி ஒயினை வாங்கிவந்து மேசைக்கு மேசை ஊற்றினோம். 'சல்னேஸ்' என்று பலகை வைத்த மண்டபத்தில், திறப்பு விழாவன்று, கடலையே பார்க்காத ஊர் ஒயின். நம்மவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அவளுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். "எனக்குச் சிப்பி வேணும் அண்ணி" என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

உங்கள் இரண்டு பேரையும் நம்பினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

சபேலா

*

காஸ்த்ரெலோ,
24 ஏப்ரல் 1995

எர்மித்தாஸ் அம்மாளுக்கு,

வணக்கம். நாம் கல்யாணத்திலும் சாவிலும் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்தக் கடிதம் அந்த இரண்டிலும் சேராது.

நீங்கள் நலமாக இருப்பீர்கள். எனக்கு ஒரே கேள்வி. மிஞோ ஆற்றங்கரையில் வெயில் நன்றாக விழும் நிலத்தை வைத்துக்கொண்டு, லொரெய்ரோவையும் வைத்துக்கொண்டு, காயைப் பறித்து என் ஒயினைச் செய்ய வேண்டும் என்று உங்களுக்கு ஏன் தோன்றியது? என்னுடையது என்று இருந்தது அந்தச் சிப்பித் தட்டு ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொள்ளப் பார்த்தீர்களா?

தொசிந்தா

*

ரொசால்,
6 மே 1995

தொசிந்தா அம்மாளுக்கு,

வணக்கம். நான் நலமாக இல்லை. இந்த வருடத்து ஒயின் முழுவதும் தொட்டியில் அப்படியே நிற்கிறது. கேட்டதற்கு நன்றி.

உங்களுடையதை எடுத்துக்கொள்ளப் பார்த்தேனா என்று கேட்கிறீர்கள். ஆமாம், பார்த்தேன். நான் மாட்ரிட் போகும்போதெல்லாம் என் அண்ணி ஒரே பாட்டுத்தான் பாடுவாள். "சிப்பின்னா எங்க அக்கா ஒயின்தான். தோன் லியோன்சியோ அதுக்குன்னே வர்றாரு. உன்னுது நல்லாத்தான் இருக்கு எர்மித்தாஸ், ஆனா குழம்பு இல்லன்னா உன்னுது எடுபடாது." ஒரு வாரம் அங்கே இருந்தேன். ஏழு நாளும் உங்கள் பெயரைக் கேட்டேன். மாவு பிசையும்போதும் கேட்டேன். குழம்புக்குத் துணைக்கு வருகிறவள் என்று ஆனபிறகு யாருக்குத்தான் தூக்கம் வரும்? என் சொந்த அண்ணன் வீட்டில்!

அவள் உங்களிடம் என்ன பாடினாள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் செய்திருக்கும் ஒயினைப் பார்த்தால் ஊகிக்க முடிகிறது.

இன்னொன்று. சீக்கிரம் பறிக்கப்போகிறேன், லொரெய்ரோவை விட்டுவிடப்போகிறேன் என்று போன வருடம் ஜூன் மாதமே அவளுக்கு எழுதினேன், உங்களிடம் சொல்லக்கூடாது என்று. சொல்லமாட்டேன் என்று பதில் எழுதினாள். எனக்காக நீ இவ்வளவு மெனக்கெடுகிறாயே என்று சந்தோஷப்பட்டாள். செப்டம்பரில் வந்து காயைப் பறிக்கக் கூடவே நின்றாள். நீங்களும் அவளிடம் ஏதாவது சொல்லியிருந்தீர்களா?

உங்கள் ஒயின் எனக்குப் பிடிக்கும். சொல்லிவிட்டேன், இனி கேட்காதீர்கள்.

எர்மித்தாஸ்

*

காஸ்த்ரெலோ,
20 மே 1995

சபேலாவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த ஒரு கடிதத்தில் கேட்கமாட்டேன்.

எர்மித்தாஸின் கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். ஜூனில் அவள் உனக்கு எழுதியிருக்கிறாள். மே மாதமே நான் எழுதினேன். எல்லோரோடும் பறிக்காமல் என் ஒயினுக்குக் கன்னம் வரவைக்கப்போகிறேன் என்பது உனக்குத் தெரியும். அவள் காயாகப் பறிக்கப்போகிறாள் என்பதும் தெரியும். எங்களில் ஒருத்தியிடம் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நான் பூஞ்சைக்கு ஒரு வரிசையைப் பறிகொடுத்து அழுதேன் என்று எழுதினேன், அப்போதும் சொல்லவில்லை. நான் ஒயினுக்கு அடுப்பு மூட்டினேன் என்று எழுதினேன், அதற்குப் பதிலே போடவில்லை. எல்லாம் வழக்கம்போலவே இருக்கும், கவலைப்படாதே என்று உன் கையால் எழுதிய கடிதம் இதோ எதிரில் இருக்கிறது.

என்னிடம் அவளைப் புகழ்ந்தாய். அவளிடம் என்னைப் புகழ்ந்தாய். நாங்கள் இரண்டு பேரும் உன் மேசையைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நீ நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதானே?

உன்மேல் உயிரையே வைத்திருந்தேன். அதனால்தான் எனக்கு அவள்மேல் பொறாமை. இப்போது அவளிடம் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது. அதுவும் உன்னால்தான்.

தொட்டியில் ஒயின் மீதி இருக்கிறது. அனுப்பமாட்டேன்.

தொசிந்தா

*

மாட்ரிட்,
19 ஆகஸ்ட் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

ஜூனிலும் ஜூலையிலும் எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. எர்மித்தாஸுக்கும் எழுதினேன். அவள் தன் அண்ணனுக்கு மட்டும் பதில் போட்டிருக்கிறாள், அதில் என் பெயர்கூட இல்லை.

இவர் முழங்கால் தேவலை. நான் மெலிந்துவிட்டேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மண்டபத்தில் இன்னும் காஸ்தியா ஒயின்தான் ஓடுகிறது. தோன் லியோன்சியோ வருவதை நிறுத்திவிட்டார்.

நேற்று ஷெனாரோ வந்தான். நான் எதுவும் கேட்கவில்லை, அவனே சொன்னான். ஆகஸ்ட் முதல் ஞாயிறு கம்பாதோஸ் அல்பாரிஞோ திருவிழாவில் நீயும் எர்மித்தாஸும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தீர்களாம். ராத்திரி அவள் நம் வீட்டிலேயே தங்கினாளாம், நாலு நாள் இருந்தாளாம். எந்த அறையில் படுத்தாள் அக்கா? மாடியில் என் கட்டிலிலா?

அவன் நிறுத்தவில்லை. நீங்கள் இருவரும் அடுப்படியில், உன் கொழகொழ ஒயினையும் அவளுடைய காய் ஒயினையும் ஒரே கூஜாவில் ஊற்றிக் கலக்கினீர்களாம். கலப்பே கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த நீயா? அவனுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தீர்களாம்.

"சின்னத்தை, நான் இத்தனை வருஷமா உங்க கடைக்கு ஒயின் தூக்குறேன், இந்த மாதிரி குடிச்சதில்ல. ஆளுக்கொரு தொட்டி நிறைய வச்சிருந்தாங்கல்ல, அத்தனையும் இப்படியே கலந்து ஊர்லயே வித்துத் தீத்துட்டாங்க. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல எங்கம்மா வேலிக்கிட்ட வந்து எட்டிப் பாத்தாங்க" என்றான்.

எனக்கு ஒன்றும் கொடுத்தனுப்பினீர்களா என்று கேட்டேன். லாரிக்குள் போய்த் தேடுவதுபோலத் தேடிவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினான். பாவம், அவனுக்கே சங்கடமாகிவிட்டது.

ஒரு பாட்டில், அக்கா. ஒரே ஒரு பாட்டில் எனக்கென்று எடுத்துவைக்கத் தோன்றவில்லையா? உன் ஒயினுக்கு எது சேரும், அவள் ஒயினுக்கு எது சேரும் என்று இந்த மாட்ரிட்டுக்கே சொல்லிக் கொடுத்தவள் நான். உங்கள் இருவரையும் ஒரே சமயத்தில் தெரிந்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். ராத்திரி படுத்தால் அந்த அடுப்படிதான் தெரிகிறது. மூன்றாவதாக ஒரு நாற்காலி அங்கே இருக்கிறதே, அதில் ஷெனாரோ உட்கார்ந்திருக்கிறான்.

கோபம் தீர்ந்தபிறகு எழுது. தீராவிட்டாலும் ஒரு வரி எழுது. அந்த ஒயினை நீங்கள் எதோடு சாப்பிட்டீர்கள்?

உன் தங்கை
சபேலா